டிராகனைப் பார்க்கும் முன் பாகம் எண்ணைப் பாருங்கள்: பெண்கள் நாயகியாக வரும் ஃபேன்டசி நாவல்களுக்குப் புதிதாக வருபவர்களுக்கு

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், 550 ரூபாய் கொடுத்து வாங்கிய நாவலைப் பிரித்து உட்கார்ந்தேன். முதல் பக்கத்திலேயே யாரோ செத்துப்போயிருந்தார்கள். கதையில் எல்லோரும் அழுதார்கள். செத்தது யார் என்றே தெரியாததால் எனக்கு அழுகை வரவில்லை. நாற்பது பக்கம் தாண்டியும் தலைகால் புரியாமல், புத்தகத்தைத் திருப்பி முதுகைப் பார்த்தேன். சின்ன எழுத்தில் இரண்டாம் பாகம் என்று போட்டிருந்தது.

அப்புறமும் திருந்தவில்லை. நடைபாதையில் போலிப் பிரதி வாங்கினேன். ப்ளஸ் ஒன் படிக்கும் அண்ணன் மகளுக்குத் தரக்கூடாத ஒன்றைப் பரிசாகக் கொடுத்து அண்ணியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். வெளிநாட்டிலிருந்து அலங்காரப் பதிப்பு வரவழைத்து, புத்தக விலையோடு சுங்க வரியும் கட்டினேன். இதையெல்லாம் நீங்களும் செய்ய வேண்டாமே என்றுதான் எழுதுகிறேன். நான் சிட்ஃபண்டு ஆபீஸில் பதினெட்டு வருடம் கணக்கு எழுதியவள். இலக்கிய விமர்சனம் எனக்கு வராது. செலவுக் கணக்கு வரும்.

கீழே சொல்லும் நாவல்கள் எல்லாமே ஃபேன்டசி, அதாவது மந்திரமும் மாயமும் வரும் கதைகள், ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. செய்தித்தாள் ஆங்கிலம் தடுமாறாமல் படிப்பீர்கள் என்றால் போதும்.

1. வாங்கும் முன் நேரத்தைக் கணக்குப் போடுங்கள்

வேலைக்குப் போய் வந்து, சமையல் முடித்து, படுக்கும் முன் நான் படிப்பது இருபது பக்கம். அந்த வேகத்தில் 250 பக்க நாவலுக்கு இரண்டு வாரம் போதும். 460 பக்கத்துக்கு மூன்று வாரத்துக்கு மேல் ஆகும். மூன்று பாகத் தொடர் என்றால் சாதாரணமாக 1500 பக்கம், அதாவது இரண்டரை மாதம். நடுவில் ஒரு கல்யாணம், ஒரு காய்ச்சல் வந்தால் நான்கு மாதம் என்று வையுங்கள்.

இந்த வகையில் 800 பக்கத்தைத் தாண்டும் நாவல்களும் உண்டு. அட்டை அழகில் மயங்கி முதலிலேயே அதை எடுக்காதீர்கள். படுத்துக்கொண்டு படித்தால் கை வலிக்கும், முகத்தில் விழுந்தால் மூக்கு வலிக்கும். இரண்டும் எனக்கு நடந்திருக்கிறது.

2. முதல் நாவல் ஒரே புத்தகத்தில் முடிவதாக இருக்கட்டும்

இந்த வகையில் தனி நாவல் குறைவு, தொடர்தான் அதிகம். பதிப்பகங்களுக்கு அதில் லாபம். ஆனால் பிடிக்குமா பிடிக்காதா என்றே தெரியாத நேரத்தில் மூன்று புத்தகத்துக்குப் பணம் போடுவது வீண். நான் கைகாட்டுவது இரண்டு.

முதலாவது, டி. கிங்ஃபிஷர் எழுதிய ‘நெட்டில் அண்ட் போன்’. 2022இல் வந்தது, அடுத்த வருடமே சிறந்த நாவலுக்கான ஹ்யூகோ விருது (அறிவியல் புனைகதைக்கும் ஃபேன்டசிக்கும் தருவது) வாங்கியது. நாயகி மர்ரா ஒரு இளவரசி. முப்பது வயது, மடத்தில் வளர்ந்தவள், தையலும் பூவேலையும் தெரிந்தவள். அவளுடைய மூத்த அக்காவைக் கட்டிக்கொண்ட இளவரசன், அவள் செத்த பிறகு அடுத்த அக்காவையும் கட்டிக்கொண்டு அடித்துக் கொடுமை செய்கிறான். குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் வாய் திறப்பதில்லை. நம் தெருவில் நடக்காத கதையா இது? அவனைக் கொல்ல மர்ரா கிளம்புகிறாள். எலும்புகளைக் கம்பியால் கட்டிக் கட்டி ஒரு நாயை உண்டாக்கும் காட்சியில் நாவல் தொடங்குகிறது. விரல் கிழிந்து ரத்தம் வருகிறது, ஆனாலும் வாலுக்கு எந்த எலும்பு சரியாக வரும் என்றுதான் அவள் யோசித்துக்கொண்டிருக்கிறாள். பேய் பிடித்த கோழி ஒன்றும் வரும். சிரிப்பும் பயமும் கலந்த சின்னப் புத்தகம். ஆங்கிலம் எளிது.

இரண்டாவது, நவோமி நோவிக்கின் ‘ஸ்பின்னிங் சில்வர்’, 2018. இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகத்தான் சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மிர்யெம் வட்டிக்குக் கொடுப்பவரின் மகள், யூதக் குடும்பம். அப்பாவுக்குக் கடனைக் கேட்டு வாங்கத் தெரியாது. அம்மாவின் சீதனப் பணம் முழுக்க ஊர்க்காரர்கள் கையில் இருக்கிறது. ஊர் வீடுகளில் கணப்பு எரிகிறது, இவர்கள் வீட்டில் குளிர். அம்மா இருமிக்கொண்டே கிடக்கிறாள். ஒருநாள் மிர்யெம் கிளம்பி வீடு வீடாகப் போய் நின்று கடனைக் கேட்கிறாள். பணம் இல்லாதவரிடம் கோழி, தானியம், எதுவானாலும் வாங்கிக் கணக்கில் வரவு வைக்கிறாள். கொடுக்க வழியில்லாத ஒரு குடிகாரனின் மகள் வாண்டா, கடனுக்கு ஈடாக இவர்கள் வீட்டில் வேலைக்கு வருகிறாள். மிர்யெம் அவளுக்கு எண்களைக் கற்றுத்தருகிறாள். கணக்கு நோட்டில் இருக்கும் கோடுகள் வாண்டாவுக்கு மந்திரமாகவே தெரிகின்றன.

வெள்ளியைத் தங்கமாக்குவேன் என்று மிர்யெம் ஒருமுறை பெருமையடித்துக்கொள்கிறாள். பனிக்காட்டின் அரசன் காதில் அது விழுகிறது. மாட்டிக்கொள்கிறாள். அவன் கொடுக்கும் வெள்ளியை அவள் எப்படித் தங்கமாக்குகிறாள் தெரியுமா? நகை செய்து விற்று! அந்தப் பக்கங்களைப் படித்தபோது எனக்குத் தவணை கட்டாதவர் வீட்டு வாசலில் செருப்போடு நின்ற நாட்கள் ஞாபகம் வந்தன. அசலைக் கேட்டவளைத்தான் ஊர் கல்நெஞ்சக்காரி என்று சொல்லும், கொடுக்காதவனை ஒன்றும் சொல்லாது. என் பதினெட்டு வருட வேலையை ஒரு நாவல் இப்படி மதித்து நான் படித்ததில்லை.

ஒரு எச்சரிக்கை. இந்த நாவலில் பலர் மாறி மாறி ‘நான்’ என்று பேசுவார்கள், பகுதியின் மேலே பெயர் இருக்காது. முதல் இரண்டு வரியில் வீட்டையும் வேலையையும் வைத்து யார் என்று பிடித்துக்கொள்ள வேண்டும். நூறு பக்கத்துக்குள் பழகிவிடும்.

3. இருபது பக்கச் சோதனை

பின்னட்டை வாசகத்தை நம்பி வாங்காதீர்கள். ‘துணிச்சல் மிக்க நாயகி’ என்று எல்லாவற்றிலும்தான் போட்டிருக்கும். மின்புத்தகம் படிக்கும் கிண்டில் செயலியில் மாதிரிப் பகுதி இலவசமாகக் கிடைக்கும், ஏறக்குறைய புத்தகத்தின் பத்தில் ஒரு பங்கு. அதற்காகக் கிண்டில் கருவி வாங்க வேண்டியதில்லை, போனிலேயே படிக்கலாம். கடையில் நின்று புரட்டினாலும் சரி.

அந்த இருபது பக்கத்தில் நான் பார்ப்பது ஒன்றைத்தான்: இவளுக்கு என்ன வேலை தெரியும்? மர்ரா தைப்பாள். மிர்யெம் கணக்கு எழுதுவாள். வேலை தெரிந்தவள் கதையைத் தானே நகர்த்துவாள். எல்லோரும் இவளை அழகி, விசேஷமானவள், வரம் பெற்றவள் என்று சொல்லிக்கொண்டே இருந்து, இவள் கையால் ஒன்றும் செய்யவில்லை என்றால் அந்தப் புத்தகத்தை அப்படியே அலமாரியில் வைத்துவிடுவேன். வாளைச் சுழற்றுவதை மட்டும் நான் வேலையாகச் சேர்ப்பதில்லை. இது என் அளவுகோல்தான், உங்களுக்கு வேறு இருக்கலாம். ஆனால் ஏதாவது ஒன்றை வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

4. யாருக்கு வாங்குகிறீர்கள்? வயதைப் பார்த்து வாங்குங்கள்

இங்கேதான் பெரிய பள்ளம். டிராகன் படம் போட்ட அட்டையைப் பார்த்ததும் பிள்ளைகள் புத்தகம் என்று நினைத்தேன். கடையிலும் பதின்வயதினர் அலமாரியில்தான் இருந்தது. அண்ணன் மகள் இரண்டே நாளில் படித்து முடித்தாள். மூன்றாம் நாள் அண்ணி எடுத்துப் புரட்டினார். சரியாக அந்தப் பக்கத்தில்தான் திறந்திருக்கிறது. ‘நீங்க படிச்சிட்டுத்தான் குடுத்தீங்களா?’ என்று அவர் கேட்டதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

காதலும் ஃபேன்டசியும் கலந்த ‘ரொமான்டஸி’ என்ற வகை இப்போது சக்கைப்போடு போடுகிறது. ரெபெக்கா யாரோஸின் ‘ஃபோர்த் விங்’ (2023) அதில் பெரிய பெயர். போர்க் கல்லூரி, டிராகன், எளிதில் எலும்பு முறியும் உடம்போடு அங்கே சேரும் வயலட் என்ற பெண். வேகமாகப் போகும். ஆனால் படுக்கையறைக் காட்சிகள் ஒளிவுமறைவு இல்லாதவை. சாரா ஜே. மாஸின் ‘எ கோர்ட் ஆஃப் தார்ன்ஸ் அண்ட் ரோசஸ்’ 2015இல் பதின்வயதினருக்கான நூலாக வெளிவந்தது, 2020இல் அட்டை மாற்றி வயதுவந்தோர் நூலாக வெளியிட்டார்கள். பழைய அட்டைப் பிரதி இன்னும் பழைய புத்தகக் கடைகளில் பிள்ளைகள் அலமாரியில் கிடக்கும்.

பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை என்றால் ரோஷனி சோக்ஷியின் ‘ஆரு ஷா’ வரிசை பயமில்லாதது. பாண்டவர்கள் இந்தக் காலத்துப் பெண்பிள்ளைகளாகப் பிறந்து வருகிறார்கள். 2018 முதல் 2022 வரை ஐந்து பாகம், தொடர் முடிந்துவிட்டது.

பெண் நாயகி என்றால் மென்மையான கதை என்ற நினைப்பையும் விடுங்கள். ஆர். எஃப். குவாங்கின் ‘தி பாப்பி வார்’ (2018) நுழைவுத் தேர்வுக்குப் படிக்கும் அநாதைப் பெண்ணின் கதையாகத் தொடங்கும். கிழவனுக்குக் கட்டிவைக்கப் பார்க்கிறார்கள், தப்பிக்க அவளுக்குத் தேர்வு ஒன்றுதான் வழி. தூக்கம் வராமலிருக்க மெழுகைக் கையில் சொட்டிக்கொண்டு படிக்கிறாள் ரின். கோச்சிங் சென்டர் வாசலில் நிற்கும் பிள்ளைகள் முகம் எனக்கு வந்து போனது. ஆனால் பாதிக்கு மேல் அது போர் நாவல். 1937இல் சீனாவின் நான்ஜிங் நகரில் ஜப்பான் ராணுவம் நடத்திய படுகொலையை மனதில் வைத்து எழுதிய 21ஆம் அத்தியாயத்தைப் படித்துவிட்டு நான் இரண்டு நாள் புத்தகத்தைத் தொடவில்லை. பள்ளிக்கூடக் கதை என்று நினைத்துப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடாதீர்கள்.

5. விலை, பிரதி, பாகம்

இந்தியாவில் கிடைக்கும் சாதா அட்டைப் பிரதிகள் நான் வாங்கியவரை 400 முதல் 700 ரூபாய்க்குள் வந்தன. கெட்டி அட்டை அதைவிட இரண்டு மடங்கு. வெளிநாட்டில் முதலில் கெட்டி அட்டையில் வந்து, ஒரு வருடம் போலக் கழித்துத்தான் சாதா அட்டை வரும். நம் ஊருக்குப் பல நாவல்கள் பெரிய அளவு சாதா அட்டையாக முதலிலேயே வந்துவிடுகின்றன. அதே தலைப்பு அடுத்த வருடம் சின்ன அளவில் இன்னும் மலிவாக வரும். அவசரம் இல்லாதவர் காத்திருக்கலாம்.

சென்னைப் புத்தகக் காட்சி ஜனவரியை ஒட்டி நடக்கும், வழக்கமாகப் பத்து சதவீதம் கழிவு. ஆங்கில நாவல் வாங்க அது ஒன்றும் பெரிய வாய்ப்பு இல்லை, ஆன்லைனில் பல நாள் அதைவிடக் குறைவாகவே கிடைக்கும். ஆனால் அங்கே பழைய ஆங்கிலப் புத்தகம் விற்கும் கடைகள் சில இருக்கும், குனிந்து தேடத் தயாராக இருந்தால் லாபம்.

போலிப் பிரதிக்கு வருவோம். 599 ரூபாய்ப் புத்தகத்தை யாராவது 150க்குத் தந்தால் அது போலிதான், சந்தேகமே வேண்டாம். ஆன்லைனிலும் உண்டு, விற்பவர் பெயரைப் பாருங்கள். நான் வாங்கிய ‘பாப்பி வார்’ அப்படிப்பட்டது. அட்டை எழுத்து கலங்கலாக இருந்தது, தாளில் பின்பக்கத்து மை தெரிந்தது. அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். 193 முதல் 208 வரை உள்ள பக்கங்கள் இரண்டு முறை வந்து, அடுத்த 16 பக்கம் இல்லாமலே போனபோதுதான் அழுகை வந்தது. திருப்பித் தரப் போனால் அந்த நடைபாதையில் அன்றைக்கு அன்னாசிப்பழம் விற்றுக்கொண்டிருந்தார்கள். எழுதியவருக்கு அதில் ஒரு காசும் போயிருக்காது என்பது இன்னொரு உறுத்தல். காசில்லை என்றால் நூலகம் இருக்கிறது.

பாகம் எண் முன் அட்டையில் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். முதுகில் பாருங்கள், உள்ளே தலைப்புப் பக்கத்துக்கு எதிரில் இருக்கும் ‘இதே ஆசிரியரின்’ பட்டியலைப் பாருங்கள். அதில் தொடரின் வரிசை இருக்கும்.

ஓரத்தில் சாயம் பூசிய அலங்காரப் பதிப்பை வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் ஆசை புதியவர்களுக்கு வேண்டாம். கூரியர்காரர்கள் கேஒய்சி என்று ஆதாரோ பானோ கேட்பார்கள். பெயரும் முகவரியும் ஆர்டரில் கொடுத்தபடியே ஆவணத்தில் இல்லை என்றால் பார்சல் நிற்கும். எனக்கு இனிஷியல் முன்னால் வந்ததா பின்னால் வந்ததா என்ற தகராறில் பதினொரு நாள் போனது.

6. நூலக அட்டை

எங்கள் மாவட்ட நூலகத்தில் உறுப்பினராக என்னிடம் கேட்டவை: நிரப்பிய படிவம், பாஸ்போர்ட் அளவுப் படம் இரண்டு, முகவரிச் சான்றுக்கு ஆதார் நகல், முன்பணம், வருடச் சந்தா. முன்பணமும் சந்தாவும் சேர்ந்தே ஒரு நாவல் விலையில் பாதி வரவில்லை. ஆதாரில் பழைய முகவரி இருந்தால் முதலில் அதை மாற்றிக்கொண்டு போங்கள், அல்லது வேறு எந்தச் சான்றை ஏற்பார்கள் என்று ஒருநாள் முன்னதாகக் கேட்டுவிடுங்கள். நகல் எடுக்கும் கடை நூலகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.

ஆங்கில நாவல் அலமாரியில் ஃபேன்டசி என்று தனி வரிசை இருக்காது. ஆசிரியரின் குடும்பப் பெயர் வரிசையில் துப்பறியும் கதைகளோடு கலந்து கிடக்கும். பெயர்களை ஆங்கிலத்தில் சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள். புதியவை குறைவு என்பது உண்மை. பரிந்துரைப் பதிவேடு இருக்கிறதா என்று கேளுங்கள், இருந்தால் எழுதி வையுங்கள். நான் எழுதிய மூன்றில் ஒன்று எட்டு மாதம் கழித்து வந்தது. போலிப் பிரதியில் காணாமல் போன அந்த 16 பக்கத்தை அலமாரி ஓரத்தில் நின்றபடியே படித்து முடித்தேன்.

தனியார் வாடகை நூலகம் உங்கள் ஊரில் பிழைத்திருந்தால் அங்கேதான் இந்த வகை அதிகம் கிடைக்கும். நான் போகும் இடத்தில் முன்பணம் தனி, புத்தக விலையில் பத்தில் ஒரு பங்கு வாடகை. தாமதித்தால் வாடகை ஏறும். ஆகவே 500 பக்கத்தை வாடகைக்கு எடுக்காதீர்கள், முதலில் சொன்ன நேரக் கணக்கு இங்கே உதவும்.

7. தொடருக்குள் போகும்போது

விதி எளிது: முதல் பாகம் மட்டும் வாங்குங்கள். எல்லாப் பாகமும் சேர்த்து விற்கும் பெட்டிப் பதிப்பில் மிச்சமாகும் நூறு இருநூறுக்கு ஆசைப்பட்டு வாங்கி, என் வீட்டில் ஒரு பெட்டி இன்னும் உறை பிரிக்காமல் இருக்கிறது.

முடிந்த தொடரா என்றும் பாருங்கள். ‘ஃபோர்த் விங்’ ஐந்து பாகம் என்று அறிவிக்கப்பட்டது. மூன்றாவது 2025 ஜனவரியில்தான் வந்தது. ஒவ்வொரு பாகமும் அந்தரத்தில் தொங்கவிட்டு முடியும். பொறுமை இல்லாதவர்கள் கடைசிப் பாகம் வரும்வரை தொடாமலிருப்பது நல்லது.

நம் வாசகர்களுக்கு நான் முதலில் சொல்லும் தொடர் தாஷா சூரியின் ‘தி ஜாஸ்மின் த்ரோன்’. 2021இல் வந்தது, அடுத்த வருடம் உலக ஃபேன்டசி விருது வாங்கியது. மூன்றாம் பாகம் 2024இல் வந்து கதை முடிந்துவிட்டது. பிரியா, மாலினி, பூமிகா, அசோக் என்று பெயர்கள் நாக்கில் ஒட்டும், அத்தியாயத் தலைப்பிலேயே யார் என்று போட்டிருக்கும். பிரியா ஒரு வேலைக்காரி. மாலினி இளவரசி. புனிதம் என்ற பெயரில் தீயில் இறங்கச் சொன்ன அண்ணனுக்கு முடியாது என்றதற்காகச் சிறைப்பட்டவள். இருவருக்கும் இடையே காதல் வருகிறது. முதல் நூறு பக்கம் மெதுவாகத்தான் போகும், ஒப்புக்கொள்கிறேன். பிரியா தரை துடைப்பதையும் நோய்கண்ட சிறுவனுக்கு மருந்து தேடுவதையும் பொறுமையாகப் படித்துவிட்டால் பிறகு கீழே வைக்க மனம் வராது.

நாற்பதைத் தாண்டியவர்களுக்கு ஷானன் சக்ரபோர்த்தியின் ‘தி அட்வென்ச்சர்ஸ் ஆஃப் அமினா அல்-சிராஃபி’ (2023). 12ஆம் நூற்றாண்டு இந்தியப் பெருங்கடல், ஏடன் துறைமுகம், சொகோத்ரா தீவு. அமினா ஓய்வுபெற்ற கடல்கொள்ளைக்காரி, கப்பலின் நகுதா, அதாவது தலைவி. மகள் இருக்கிறாள், முழங்கால் வலி இருக்கிறது. மறுபடி கப்பலேறுகிறாள். முழங்கால் வலியோடு மாடி ஏறுகிறவர்களுக்கு அவள் ஏன் பிடிக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. தொடரின் முதல் பாகம்தான், ஆனாலும் எடுத்த கதையை அந்தப் புத்தகத்திலேயே முடித்துவிடுகிறது.

என். கே. ஜெமிசினின் ‘தி ஃபிஃப்த் சீசன்’ (2015) கடைசியாக வரட்டும். அந்தத் தொடரின் மூன்று பாகமும் 2016, 2017, 2018 என்று அடுத்தடுத்து ஹ்யூகோ வாங்கியவை. மகனைப் பறிகொடுத்த தாயை ‘நீ’ என்று அழைத்துக் கதை சொல்லும் நடை. புதிதாக வந்தவர்கள் இதில் தொடங்கிப் பயந்து ஓடியதைப் பார்த்திருக்கிறேன். பின்னால் சொற்பட்டியல் உண்டு, ஒரு புத்தகக்குறியை அங்கேயே வைத்துவிடுங்கள்.

8. இரவல் கொடுத்தால் எழுதி வையுங்கள்

இந்தப் புத்தகங்கள் குண்டு, அட்டை அழகு, வீட்டுக்கு வருகிற எல்லோருக்கும் கண்ணில் படும். பெயர், தேதி, எந்த பாகம் என்று ஒரு சின்ன நோட்டில் குறித்துவிட்டுக் கொடுங்கள். முதல் பாகம் திரும்பி வராமல் இரண்டாவதைக் கொடுக்காதீர்கள். என் நோட்டில் இப்போது நிலுவை ஒன்றுதான்: ‘ஜாஸ்மின் த்ரோன்’, மார்ச் 9, அண்ணி. ‘பிள்ளைக்குச் சரிப்படுமான்னு பாத்துட்டுத் தரேன்’ என்று எடுத்துப் போனவர், நேற்றுப் போன் செய்து அடுத்த பாகம் கேட்கிறார்.